டிசி இல்லாமல் மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்த கதை

2021 ஜூன். கொரோனா இரண்டாவது அலை கொஞ்சம் அடங்கியிருந்தது. எனக்குப் பாதிச் சம்பளம்தான், மகள் படித்த மெட்ரிக் பள்ளியில் முந்தைய வருடக் கட்டணம் பாக்கி. ஏழாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று டிசி (மாற்றுச் சான்றிதழ்) கேட்டால், பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

அவள் தம்பிக்குச் சிக்கல் இல்லை, ஒன்றாம் வகுப்பு, பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும் போதும் என்றார்கள். இவளுக்கு என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டேதான் போனேன். ஹெச்.எம். டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "டிசி அப்புறம் வரட்டும் சார், பாப்பா எங்க?" என்றார். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5-வது பிரிவிலேயே இருக்கிறதாம், டிசி தாமதமானால் அதைக் காரணம் காட்டி எட்டாவது வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று. இது தெரியாமல் நான் இரண்டு வாரம் தூக்கம் கெட்டேன்.

சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து அங்க அடையாளம் இரண்டு சொல்லு என்றார். இவள் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே சட்டைக் கையை மடக்கி, முழங்கைக்குக் கீழே இருந்த மச்சத்தைக் காட்டினாள். இடது முன்கையில் ஒரு மச்சம் என்று எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கே பாடப்புத்தகங்கள் கையில். வகுப்பு என்று பார்த்தால் அப்போது கல்வித் தொலைக்காட்சிதான், ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது நவம்பர் 1-ம் தேதி.

உண்மையான இழுபறி எமிஸ்தான், கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் ஆன்லைன் பதிவு அது. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி இழுத்துக்கொள்ள முடியும். அவர்கள் விடவில்லை. ஹெச்.எம். கல்வி அலுவலகத்துக்கு எழுதி, போனும் போட்டு, ஒரு மாதம் கழித்து வந்தது. பள்ளி மாற்றுகிறவர்கள் டிசியை மட்டும் கேட்காதீர்கள், எமிஸில் விடுவித்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

எனக்கு ஒரே வருத்தம், ஒரு வருடம் முன்னாடியே சேர்த்திருக்க வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், இரண்டுக்கும் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும் (புதுமைப் பெண்ணுக்கு 2024-லிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்த்தி). இவள் வந்தது ஏழில். ஒரே வருடத்தில் இரண்டும் போச்சு.

---

மேலே மகள் கதையை எழுதியவருக்கு: உங்கள் மகள் தனியார் பள்ளியில் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்தவளா? அப்படியென்றால் எட்டு வரை அங்கே படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்திருந்தாலும் இரண்டுக்கும் தகுதி உண்டு. பலருக்கு இது தெரியாது, நானே அக்கா பையனுக்காக அலைந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

---

என் கதை என் பிள்ளையைப் பற்றியது இல்லை. 2023-ல் சோழிங்கநல்லூர் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருந்த அண்ணன் ஒடிசாக்காரர், கஞ்சாம் மாவட்டம். பொண்ணு நாள் முழுக்க லிஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஊரில் எத்தனாவது படித்தாள் என்பதற்கும் ஒரு தாள் இல்லை. அதனால் எங்கேயும் சேர்க்க மாட்டார்கள் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். நான்தான் பிடிவாதமாகப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது, அப்பா எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஆனால் பிறந்த தேதி? அவருக்குத் தெரியவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்துவிட்டு, பைலின் புயல் அடித்து மூன்றாம் நாள் பிறந்தாள், வீட்டுக்கூரை கூட இல்லை என்றார், அரைகுறைத் தமிழில். டீச்சர் போனில் தேடினார். புயல் கரை கடந்தது 2013 அக்டோபர் 12. அக்டோபர் 15 என்று எழுதி, வயதுக்கு ஏற்ப ஐந்தாம் வகுப்பு என்றார்கள். தமிழ் ஓரெழுத்தும் தெரியாத பிள்ளையை ஐந்தாவதில் போடுகிறார்களே என்று எனக்குத்தான் பதைப்பாக இருந்தது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். முதல் வாரம் அழுகை. அப்புறம் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கே இவள்தான் அக்கா.

---

முதலில் மகள் கதையை எழுதியவன்தான். டிசி கடைசியில் வந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். வந்தது, மறு வருடம் பிப்ரவரியில், நான் தவணையில் கட்டி முடித்த பிறகு. அதிலும் அங்க அடையாளம் போட்டிருந்தார்கள், வலது கையில் மச்சம் என்று. ஹெச்.எம். டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்துவிட்டு கோப்பில் வைத்துக்கொண்டார், பதிவேட்டில் இடது கை அப்படியேதான் இருக்கிறது.