ஓசிஆர், குரல் தட்டச்சு, சாட்பாட்: தமிழில் எது எவ்வளவு சரி என்று அளப்பது எப்படி?

கேட்டவர்: புதுவரி

வணக்கம். மொழியியல் இளங்கலை, இரண்டாம் ஆண்டு. அன்றாடம் எல்லாரும் கையாளும் மொழிக் கருவிகளைத் தமிழில் ஓட்டிப் பார்த்து, பருவ இறுதிக்குள் ஓர் அறிக்கை தர வேண்டும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர், பேச்சை எழுத்தாக்குவது, மொழிபெயர்ப்பு, சாட்பாட் ஆகிய நான்கும் பட்டியலில் உள்ளன. இருப்பது 8 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினி, கிராஃபிக்ஸ் அட்டை இல்லை. பைத்தான் நிரல்மொழியின் அடிப்படை தெரியும்.

"பரவாயில்லை", "சுமார்" என்று எழுதாமல் எண்ணில் சொல்ல என்ன வழி? ஒரே பத்தியை இரண்டு நிரல்களில் கொடுத்தால் பிழைச் சதவீதம் இரண்டு விதமாக வருகிறது. அது ஏன்? ஒவ்வொரு கருவியிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மெய்ப்புநோக்கி

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன்னால் மூலப்படியைத் தயார் செய்துவிடுங்கள். "சரியான விடை இதுதான்" என்று நீங்கள் பொறுப்பேற்கக்கூடிய உரை அது. தெளிவான அச்சு, பழைய அச்சு, பேச்சு என மூன்று வகைக்கும் தலா 200 சொல் இருந்தால் மாணவர் அறிக்கைக்குத் தாராளம். நீங்களே தட்டச்சு செய்து, இன்னொருவரை மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவி தந்த வெளியீட்டைத் திருத்தி அதையே மூலப்படியாக வைத்துக்கொள்ளும் குறுக்குவழி வேண்டாம். அது "கொடுத்தர்" என்று எழுதியிருந்தாலும் நம் கண் "கொடுத்தார்" என்றே படித்துக்கொண்டு போகும். அந்தப் பிழை மூலப்படியிலும் தங்கிவிட்டால் எந்தக் கணக்கிலும் அகப்படாது.

அளவுகோல் எளியது. மாறிய எழுத்து, விடுபட்ட எழுத்து, கூடுதலாக நுழைந்த எழுத்து மூன்றையும் கூட்டி, மூலப்படியின் மொத்த எழுத்தால் வகுத்தால் எழுத்துப் பிழை விகிதம். இதையே சொற்களுக்குச் செய்தால் சொற்பிழை விகிதம். ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் காட்டும். தமிழுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். மூலத்தில் "செய்துகொண்டிருந்தார்" என்று சேர்ந்திருக்கிறது, கருவி "செய்து கொண்டிருந்தார்" என்று பிரித்து எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். சொற்கணக்கில் ஒன்று மாறியது, ஒன்று நுழைந்தது. மூலத்தில் இருப்பதோ ஒரே சொல். பிழை 200 சதவீதம்! எழுத்துக் கணக்கில் 10 எழுத்துக்கு ஓர் இடைவெளி கூடுதல், அவ்வளவுதான். இரண்டு விகிதங்களையும் அட்டவணையில் கொடுங்கள், முடிவு சொல்வதை எழுத்துக் கணக்கின்மேல் சொல்லுங்கள்.

ஒற்றெழுத்து

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: அந்த இரண்டு நிரல்களும் "எழுத்து" என்று எண்ணுவது ஒன்றாக இருக்காது.

"தமிழ்" என்பது நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடு. யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட், ஏனென்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்றுதான் சொல்லும்.

இப்போது மேலே சொன்ன "கொடுத்தர்" பிழையையே எடுங்கள். தமிழ் எழுத்தாக எண்ணினால் 5க்கு 1, அதாவது 20 சதவீதம். குறியீடாக எண்ணினால் 10க்கு 1, அதாவது 10 சதவீதம். இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். எது என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. தமிழ் எழுத்தாகப் பிரிக்க "ஓப்பன்-தமிழ்" என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை ஒன்றாக எண்ணுவதா, பிரித்தா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாது. "கொ" என்பதை க + ஒகரக் குறி என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். க + ஒற்றைக் கொம்பு + கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே இருக்காது. மூலப்படி முதல் வகை, கருவியின் வெளியீடு இரண்டாம் வகை என்றால், ஒரு பிழையும் இல்லாத "கொடுத்தார்" 10க்கு 2 பிழை என்று கணக்காகும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் யூனிகோடின் என்எஃப்சி சீராக்கத்தில் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் முறை) ஓட்டுங்கள். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியே போதும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. "ஔ" எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டையும் அடுத்தடுத்து அடித்திருந்தால் அதற்கு அவை இரண்டு தனி எழுத்துகள்தான். "கௌ" எழுத்தின் கடைசிப் பகுதிக்கு ளகரத்தை அடித்திருந்தாலும் அதே கதை. இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அகலமில்லாத இணைப்பான்களும் (திரையில் தெரியாத குறியீடுகள்) ஒளிந்திருக்கும். இவற்றையும், வளைந்த மேற்கோள் குறி, நேர் மேற்கோள் குறி வேறுபாட்டையும் நீங்களே சிறு நிரல் எழுதிச் சமப்படுத்துங்கள். பிழை எண்ணும் வேலை அதற்குப் பிறகுதான்.

வாசிப்பறை

ஓசிஆர் பற்றி. பிடிஎஃப் கையில் இருந்தால் உடனே ஓசிஆருக்குப் போகாதீர்கள். ஒரு வரியைப் பிரதி எடுத்து வெற்று உரைத் திருத்தியில் ஒட்டிப் பாருங்கள்.

சரியான தமிழ் வந்தால் வேலை முடிந்தது. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குழம்பி வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கம். கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்றியில் போடுங்கள். எழுத்துருவைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், ஊகிக்கும் வேலை இல்லாததால், மாற்றி தரும் உரை ஓசிஆர் உரையைவிடப் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கொம்பு இடம் மாறியும் கட்டம் கட்டமாகவும் வந்தால் கோப்பின் உள் அட்டவணை கெட்டிருக்கிறது. அப்போதுதான் பக்கத்தைப் படமாக்கி ஓசிஆர்.

டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரல் இலவசம், கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலைப்பின்னலில் இயங்குகிறது. அதற்கு முந்தையதை எடுக்காதீர்கள். தமிழ்த் தரவுக் கோப்பைத் தனியே இறக்க வேண்டியிருக்கலாம். அதில் வேகமான வகை, சிறந்த வகை எல்லாம் உண்டு. சில பக்கங்களுக்குச் சிறந்த வகையே சரி.

வருடும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி வையுங்கள். 10 பாயின்ட் அளவு எழுத்து 300இல் ஏறக்குறைய 42 பிக்சல் உயரம், 100இல் வெறும் 14. மெய்யெழுத்தின் புள்ளி அப்போது ஓரிரு பிக்சலாகச் சுருங்கி, படச் சுருக்கத்தில் கரைந்துபோகும். "அவர்" என்பது "அவர" ஆகிவிட்டால் பழியை நிரலின்மேல் போடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதைப் பயன்படுத்தாதீர்கள், அது சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு பத்தி (நெடுவரிசை) அமைப்புள்ள பக்கத்தை அப்படியே கொடுத்தால், சில சமயம் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் ஒட்டிக்கொண்டு வரும். டெசராக்டில் பக்கப் பிரிப்பு முறை என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 3. பத்தியைத் தனியாக வெட்டி 6 கொடுத்தால் ஒரே உரைத்தொகுதியாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஆங்கிலமே இல்லாதபோது தமிழோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், வரிகளுக்கு நடுவே காரணமில்லாமல் ரோமன் எழுத்து முளைக்கும்.

ரகரத்துக்கும் காலுக்கும் நடக்கும் குழப்பத்தைத் தனியாக எண்ணி வையுங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு குழப்பத்தையும் அப்படியே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால், ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவம் வேறு. அங்கே பிழை கொத்தாக விழும். பழைய அச்சைத் தனி வரிசையில் காட்டாமல் சராசரியில் கலந்துவிட்டால் அறிக்கையே வீண்.

கடைசிபெஞ்சு

இவ்வளவு எதற்கு? ஒரே படத்தை மூன்று கருவியில் போட்டுப் பார்த்தால் எது நல்லது என்று தெரிந்துவிடாதா?

மெய்ப்புநோக்கி

உங்களுக்கு ஒரு பக்கம் தட்டச்சாக வேண்டும் என்றால் அது போதும். அறிக்கை எழுதுபவருக்குப் போதாது. சரளமாகத் தெரியும் வெளியீட்டைத்தான் கண் விரும்பும். மொழி மாதிரியின் (அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கும் நிரல்) துணையோடு இயங்கும் கருவி, படிக்க முடியாத சொல்லின் இடத்தில் பொருத்தமான வேறு சொல்லை வைத்துவிடும். பார்க்கச் சுத்தம், ஆனால் மூலத்தில் இல்லாத சொல். பழைய வகை நிரல் அதே இடத்தில் குப்பையைக் கக்கும், பிழை என்று உடனே தெரியும். எண்ணிப் பார்க்காமல் இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது.

அலைவரிசை

பேச்சுக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர், பேச்சை எழுத்தாக்கும் திறந்த மாதிரி, தமிழும் உண்டு. சிறிய அளவுகளான டைனி (3.9 கோடி அளவுரு), பேஸ் (7.4 கோடி) இரண்டும் தமிழுக்கு உதவாது. ஸ்மால் (24.4 கோடி) உங்கள் மடிக்கணினியில் மெதுவாக ஓடும். லார்ஜ் (155 கோடி) ஓட ஏறத்தாழ 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும், அதற்குக் கூகுள் கோலாபின் (உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் இணையச் சேவை) இலவச அமர்வு. அமர்வு அறுந்தால் அங்கிருக்கும் கோப்புகளும் போய்விடும், வெளியீட்டை உடனுக்குடன் கூகுள் டிரைவில் சேமியுங்கள்.

மொழி தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் முதல் 30 நொடியை வைத்து அதுவாக ஊகிக்கும். தொடக்கத்தில் இசையோ ஆங்கில வணக்கமோ இருந்தால் கோப்பு முழுவதும் கெடும். பணி "எழுத்தாக்கம்" என்று இருக்கட்டும், "மொழிபெயர்ப்பு" என்றால் ஆங்கிலத்தில் தரும்.

ஒலியை 30 நொடித் துண்டாகத்தான் அது கேட்கும். ஒருவரும் பேசாத இடைவெளியில் யாரும் சொல்லாத வாக்கியம் முளைப்பதும், ஒரே தொடர் பத்து முறை திரும்பத் திரும்ப வருவதும் இதன் பெயர்பெற்ற கோளாறுகள். நீண்ட மௌனங்களை முன்னதாக வெட்டி எறியுங்கள். முந்தைய துண்டின் உரையை அடுத்த துண்டுக்குத் துணையாகக் கொடுக்கும் அமைப்பை அணைத்துவிட்டால் சுழற்சி பெருமளவு குறையும்.

மூலப்படி எழுதும்போதே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பேசியவர் "வந்துட்டு இருக்கேன்" என்கிறார், கருவி "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதுகிறது. இது பிழையா? பேச்சுத்தமிழ் ஆய்வுக்குப் பிழை, கூட்டக் குறிப்புக்குப் பிழையில்லை. என் பரிந்துரை: மூலப்படியை ஒலித்தபடியே எழுதுங்கள், இத்தகைய "எழுத்துநடையாக்கத்தை" தனிப் பிழை வகையாகக் குறியுங்கள். எண்களுக்கும் அப்படியே, "இருபத்தைந்து", "25" இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

புதுவரி

மிக்க நன்றி. மொழிபெயர்ப்புக்கும் சாட்பாட்டுக்கும் இதே விகிதத்தைப் போடலாமா?

ஒற்றெழுத்து

முடியாது. ஒரு வாக்கியத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு பல உண்டு. தானியங்கி அளவை வேண்டுமென்றால், சொற்களை ஒப்பிடும் ப்ளூ அளவையைவிட, எழுத்துத் துண்டுகளை ஒப்பிடும் சிஎச்ஆர்எஃப் தமிழுக்குப் பொருத்தம்; விகுதி ஒன்று மாறியதற்காக முழுச் சொல்லையும் தவறாக்காது. 50 வாக்கியம் எடுத்து, இருவர் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் "பொருள் முழுதும் வந்தது, பாதி வந்தது, மாறிவிட்டது" என்று குறித்தால் இன்னும் நல்லது. வாக்கியங்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல் பத்தியாகக் கொடுங்கள். தமிழில் எழுவாய் அடிக்கடி மறைந்திருக்கும், தனி வாக்கியத்தில் கருவி ஆண்பாலா பெண்பாலா என்று ஊகிக்கத்தான் செய்யும். திருப்பி மொழிபெயர்த்துச் சோதிப்பதைச் சான்றாக வைக்காதீர்கள், முதல் சுற்றின் பிழையை இரண்டாம் சுற்று மூடிவிடலாம்.

துண்டுக்கணக்கு

சாட்பாட் உரையை எழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டுகளாகப் பார்க்கிறது. தமிழ் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டாக உடையும். 2024இல் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய தமிழ் எடுத்துக்காட்டில், உரையைத் துண்டாக்கும் பழைய பிரிப்பானில் 116 துண்டாக இருந்த உரை புதியதில் 35 ஆனது. "இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து", "இந்த வெண்பாவில் தளை சரியா" போன்ற கேள்விகளில் சறுக்குவதற்கு இந்த உடைப்பு ஒரு முக்கியக் காரணம். அறிக்கைக்கு நல்ல சோதனைகள் அவை.

உண்மைத் தகவலைச் சோதிக்க, ஒரு பத்தியை ஒட்டி, "இதிலிருந்து மட்டும் விடை சொல், ஆதாரமான வரியை அப்படியே எடுத்துக் காட்டு, இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்று கேளுங்கள். அது காட்டும் வரியை மூலத்தில் தேடுங்கள் (சீராக்கம் செய்த பிறகு). கிடைக்காவிட்டால் புனைவு. பத்தியில் விடையே இல்லாத கேள்வி ஐந்தில் ஒன்றாவது இருக்கட்டும், "இல்லை" என்று சொல்லத் தெரிகிறதா என்பது அங்கேதான் வெளிப்படும். ஒவ்வொரு கேள்வியையும் புதிய உரையாடலில் மூன்று முறை கேளுங்கள். பழைய உரையாடலிலேயே தொடர்ந்தால் முந்தைய விடை அடுத்ததை இழுக்கும்.

பிழை திருத்தச் சொன்னால் நடையையே மாற்றி எழுதித் தரும் பழக்கமும் உண்டு. "தவறான வடிவம், சரியான வடிவம், காரணம் மூன்றை மட்டும் பட்டியலிடு" என்று கட்டுப்படுத்துங்கள். ஒற்று மிகும் இடங்களில் காரணம் நம்பும்படி இருக்கும், விதியோ தவறாக இருக்கும். வாணி, நாவி போன்ற திருத்திகளோடும் இலக்கண நூலோடும் ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

மெய்ப்புநோக்கி

ஒன்று விட்டுப்போயிற்று. இணையவழிக் கருவிகள் சொல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கருவியின் பெயர், மாதிரியின் பதிப்பு, தேதி, கொடுத்த கட்டளை முழுதும், திருத்தாத வெளியீடு ஆகியவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள். பிறருடைய குரல் பதிவை இணையச் சேவையில் ஏற்றுவதாக இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பாவிட்டால் விஸ்பரை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், ஒலி வெளியே போகாது.