பொள்ளாச்சி பக்கம் வண்டி கம்மியா இருக்குற சைக்கிள் ரூட் சொல்லுங்க

ஒரு உதவி வேணும்ங்க. ஞாயித்துக்கிழமை விடிகாலைல சைக்கிள கார்ல போட்டுட்டு பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடைன்னு நானும் பொண்ணும் மிதிக்கிறோம், ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, எதுக்கால மலை, அவ்ளோ அழகுங்க. ஆனா ஆழியார் ரோட்ட தொட்டாலே வால்பாறை போற வண்டிதான். போன வாரம் ஒரு வேன் ஒரசுற மாதிரி போனதுல பொண்ணு தோப்போரம் மண்ணுல எறங்கிட்டா, தண்ணி பாட்டில் மூடிய தொறக்க முடியாம கை நடுங்குச்சு பாவம். அமாவாசைன்னா மாசாணியம்மன் கோயில் கூட்டம் வேற. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியார் பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையோரமா தார் ரோடு எங்கெல்லாம் நல்லாருக்கு? எங்களுது 28 எம்எம் டயர், சரளைக்கல்லுல ஓட்ட முடியாது. 40 கிலோமீட்டருக்குள்ள, நடுவுல ஒரு டீக்கடை இருந்தா போதும், அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.