வில் ஸ்மித்தின் தொப்பி தானாக விழுந்ததா?

பழைய_ஆன்டெனா:
இந்த வாரத்தில் நான்காவது தடவையாக அதே பதிவு கண்ணில் படுகிறது. 'தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், 14 வருஷம் கழித்துத் திரும்பி வந்த அப்பா மறுபடியும் கைவிட்டுப் போனதும் வில் ஸ்மித் உடைந்து அழுவாரே, அந்தக் காட்சி. அதற்கு வசனமே எழுதவில்லையாம். நிஜத்திலும் அவருடைய அப்பா சின்ன வயதிலேயே ஓடிப்போனவராம். அந்த வலியில் ஸ்கிரிப்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவராகவே பேசிவிட்டாராம். மாமாவாக நடித்த ஜேம்ஸ் ஏவரி பதறிப்போய்க் கட்டிக்கொண்டாராம். நம் ரீல்ஸ்_ராஜா இதை அழுகை பொம்மை மூன்று சேர்த்துப் பகிர்ந்திருக்கிறார்.

ஐயா, அவர் அப்பா எங்கேயும் ஓடவில்லை. பிலடெல்பியாவில் குளிர்சாதன வேலை பார்த்தவர். கடைச் சுவரை இடித்துப் போட்டு, மகன்கள் இருவரையும் செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட வைத்த மனுஷன். வில் ஸ்மித் அந்தச் சுவர்க் கதையைச் சொல்லாத பேட்டி குறைவு. 2021-இல் எழுதிய சுயசரிதையில் அப்பா அம்மாவை அடித்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அப்பாவைப் பற்றி அழ அவருக்கு வேறு காரணம் இருந்தது, ஓடிப்போன காரணம் இல்லை.

ரீல்ஸ்_ராஜா:
சரி, அப்பா விஷயம் தப்பாகவே இருக்கட்டும். தொப்பிக்கு என்ன பதில்? ஏவரி இழுத்து அணைக்கும்போது வில் ஸ்மித் தலையில் இருந்த தொப்பி விழுகிறது. "இங்கே தொப்பி விழ வேண்டும்" என்று எந்த எழுத்தாளர் எழுதுவார்? அந்தத் தொப்பி ஒன்றே போதும், அது சொந்தமாக வந்தது என்று சொல்ல.

பழைய_ஆன்டெனா:
நேற்று எங்கள் வீட்டில் காபி டம்ளர் கை தவறி விழுந்தது. அதற்காக நான் அப்போது பேசியதெல்லாம் சொந்தக் கவிதை ஆகிவிடுமா?

அந்தப் பேச்சைக் கேட்டீர்களா, இல்லை பின்னணியில் யாரோ ஒட்டிய சோகப் பியானோவை மட்டும் கேட்டீர்களா? அப்பா இல்லாமலே கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், சவரம் செய்யக் கற்றுக்கொண்டேன், சண்டை போடக் கற்றுக்கொண்டேன், 14 பிறந்தநாள் கொண்டாடினேன், ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார். அப்பா போய் 14 வருஷம், பிறந்தநாளும் 14. அழுகிறவன் இவ்வளவு சரியாகக் கணக்குப் பார்ப்பானா? அது எழுதுகிறவன் மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு.

ரீல்ஸ்_ராஜா:
நான் வசனத்தைப் பற்றிப் பேசவில்லை. தொப்பி.

பழைய_ஆன்டெனா:
நீங்கள் பகிர்ந்த பதிவின் முதல் வரியே "ஒரு வரி வசனம்கூட எழுதப்படவில்லை". இப்போது வசனத்தைப் பற்றிப் பேசவில்லையாம்!

செல்வி_டொராண்டோ:
இந்தத் தொடரை இங்கே வந்த புதிதில் மறு ஒளிபரப்பில் முழுசாகப் பார்த்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். முதல் சீசனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மற்றவர்கள் பேசும்போது வில் ஸ்மித்தின் உதடு அசையும். ராப் பாடகராக இருந்து நேராக நடிக்க வந்தவர், பயத்தில் எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு, கூடவே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மாமா மகள் ஹிலரியாக நடித்த கேரின் பார்சன்ஸ்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதாக வில் ஸ்மித்தே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அந்த உதட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனக்கு முதல் சீசனே கெட்டுப்போனது.

பழைய_ஆன்டெனா:
அக்கா சொன்னதைக் கேட்டீர்களா ராஜா? அடுத்தவர் வசனத்தையே விடாமல் மனப்பாடம் செய்தவர், 1995-இல் தன் வசனத்தைத் தூக்கி எறிந்தாராம்.

செல்வி_டொராண்டோ:
1994, மே 9. நான்காவது சீசன்.

பழைய_ஆன்டெனா:
தட்டச்சுப் பிழை. வாதம் மாறவில்லை.

ரீல்ஸ்_ராஜா:
போன மாதம் "ஆங்கில நகைச்சுவைத் தொடர் எல்லாவற்றிலும் சிரிப்புச் சத்தம் ரெடிமேடாக ஒட்டியதுதான்" என்று மூன்று நாள் கத்தினீர்களே, அதுவும் தட்டச்சுப் பிழையா? இந்தத் தொடரே பார்வையாளர்களை அரங்கில் உட்கார வைத்துப் படம் பிடித்தது. அன்றைக்குத் தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பழைய_ஆன்டெனா:
அது வேறு திரி. இங்கே இழுக்காதீர்கள்.

ஆனால் நீங்களே அரங்கம் என்று ஆரம்பித்ததால் அதையே பிடித்துக்கொள்கிறேன். மூன்று நான்கு கேமராவை வைத்து ஒரே நேரத்தில் எடுக்கிற வேலை அது. வாரம் முழுக்க ஒத்திகை. யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கேமரா யாரைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பார்கள். காட்சியின் கடைசியைப் பாருங்கள். கட்டிப்பிடித்து அழும் இருவரையும் விட்டு, அப்பாவுக்காக வில் வாங்கி வைத்திருந்த அப்பா-பிள்ளை சிலைக்குக் கேமரா மெதுவாக வந்து நிற்கும். திடீரென்று வந்த அழுகை என்றால், கேமராக்காரருக்கு யார் சொன்னது அங்கே போய் நில் என்று? சிலையும் ஓடி வந்து உட்கார்ந்துகொண்டதா?

ரீல்ஸ்_ராஜா:
சிலை எழுதி வைத்தது. கேமரா எழுதி வைத்தது. தொப்பி எழுதவில்லை.

கொட்டாம்பட்டியான்:
ஏப்பா, ஒரு தொப்பிக்கா இத்தனை பக்கம்?

பழைய_ஆன்டெனா:
தொப்பிக்கு இல்லை அண்ணே, பொய்க்கு. வில் ஸ்மித்தே அந்த இரவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பார்வையாளர்கள் முன்னால் சரியாக வராமல் தடுமாறி, தன்மேலேயே கோபத்தில் இருந்தாராம். ஏவரி பக்கத்தில் வந்து, அவசரப்படாதே, என்னைப் பார்த்து நடி என்கிற மாதிரி நிதானப்படுத்தினாராம். அணைத்துக்கொண்டு நிற்கும்போதே காதுக்குள், இதுதான்டா நடிப்பு என்ற பொருளில் ஒன்று சொன்னாராம். நடுவில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு, இங்கே போட்டால் நிர்வாகி என்னைத் தூக்கிவிடுவார். "நடிப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பதறிப்போய்க் கட்டிப்பிடித்தவர் அதையா சொல்வார்?

ஏவரி அவரைவிட 22 வயது மூத்தவர், மேடையில் வளர்ந்தவர். நிஞ்ஜா ஆமைகள் கார்ட்டூனில் வில்லன் ஷ்ரெடருக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். 2013 டிசம்பர் 31-இல் போய்ச் சேர்ந்தார். அந்தக் காட்சியில் ஒருவர் உழைத்தார், ஒருவர் கற்றுக்கொடுத்தார். "தானாக வந்தது" என்று சொன்னால் இரண்டு பேரையும் அவமானப்படுத்துகிறோம்.

கொட்டாம்பட்டியான்:
நடிகர்கள் திரும்பிப் பார்த்துச் சொல்வதை எப்படி நம்புவது? அதே தொடரில் விவியன் அத்தையாக நடித்த ஜேனட் ஹியூபர்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சீசனுக்குப் பிறகு போய்விட்டார். 27 வருஷம் அவர் ஒன்று சொன்னார், வில் ஸ்மித் ஒன்று சொன்னார். 2020-இல் எச்பிஓ மேக்ஸ் ஓடிடி தளத்தில் எல்லோரும் கூடியபோதுதான் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். பத்து வாரம்தான் வேலை, வேறெங்கும் நடிக்கவும் கூடாது என்று ஒப்பந்தம் நீட்டினார்கள், அதனால்தான் மறுத்தேன் என்றார் அந்த அம்மா. கையில் குழந்தை, வீட்டில் கொடுமை, வெளியே "சேர்ந்து வேலை செய்ய லாயக்கில்லாதவள்" என்ற பெயர். அப்போது அவர் நிலைமை தனக்குப் புரியவில்லை என்று வில் ஸ்மித் ஒப்புக்கொண்டார். 27 வருஷம் தப்பாகச் சொன்னவர் தொப்பியைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்வாரா?

பழைய_ஆன்டெனா:
தொப்பியைப் பற்றி அவர் எங்கே சொன்னார்? தொப்பியைப் பற்றி ராஜா ஒருவர்தான் சொல்கிறார்.

செல்வி_டொராண்டோ:
ஹியூபர்ட்தான் அசல் விவியன். நடனம், கோபம், அந்த நிமிர்ந்த முதுகு எல்லாம் அவரோடு போய்விட்டது. அடுத்து வந்த டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட் நல்ல நடிகைதான், ஆனால் அத்தை வேறு ஆளாகிவிட்டாள்.

கொட்டாம்பட்டியான்:
நம் சீரியல் என்றால் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு அட்டையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள்.

செல்வி_டொராண்டோ:
அவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். குழந்தை பிறந்த பிறகு உங்களிடம் ஏதோ மாறியிருக்கிறதே என்று வில்லின் நண்பன் ஜாஸ் புது அத்தையிடம் சொல்வான். வில் திரும்பிக் கேமராவைப் பார்ப்பார். எல்லோரும் சிரித்தார்கள். வேலை போன பெண் அந்தச் சிரிப்பை வீட்டில் உட்கார்ந்து பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சும்மா_ஒரு_ஆள்:
ரீட்தான் பெட்டர். ஹியூபர்ட் எப்பப் பார்த்தாலும் முறைப்பு.

செல்வி_டொராண்டோ:
வக்கீல் புருஷன், மூன்று பிள்ளை, மேலே சகோதரியின் மகன் வில், நடுவில் கல்லூரிப் பேராசிரியர் வேலை. முறைக்காமல் என்ன செய்வாள் தம்பி? நீங்கள் ஒருநாள் அந்த வீட்டை நடத்திப் பாருங்கள்.

சும்மா_ஒரு_ஆள்:
கார்ல்டன் டான்ஸ் மட்டும் போதும் எனக்கு. மற்றதெல்லாம் சண்டை.

பழைய_ஆன்டெனா:
அந்த நடனத்துக்கும் கதை உண்டு. ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டு வீடியோவில் கோர்ட்னி காக்ஸ் ஆடியதையும் எடி மர்பி மேடையில் செய்த கேலியையும் பார்த்து எடுத்தது என்று, மாமா மகன் கார்ல்டனாக நடித்த அல்ஃபான்சோ ரிபெய்ரோவே சொல்லியிருக்கிறார். அப்புறம் ஃபோர்ட்நைட் விளையாட்டு அதைச் சுட்டுவிட்டது என்று 2018-இல் வழக்குப் போட்டார். பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்ய மறுத்ததும் அடுத்த வருஷம் வாபஸ். நடிகர்கள் உண்மையைச் சொல்லும்போது யாரும் பகிர்வதில்லை. ஓடிப்போன அப்பா என்றால் மட்டும் லட்சம் லைக்.

ரீல்ஸ்_ராஜா:
லைக் வந்ததில்தான் எரிச்சல் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் சிரிப்புச் சத்தத் திரிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பழைய_ஆன்டெனா:
அது வேறு திரி என்றேன்.

நிர்வாகி:
இருவரும் தனிப்பட்ட தாக்குதலைத் தவிர்க்கவும். இன்னொரு முறை நடந்தால் திரி பூட்டப்படும்.

ரீல்ஸ்_ராஜா:
நான் தாக்கவில்லை. தொப்பியைத்தான் கேட்டேன். வேகத்தைக் குறைத்து இப்போதுதான் மறுபடி பார்த்தேன். ஏவரியின் கை படவே இல்லை, தோளில் இடித்து விழுகிறது. ஒத்திகை பார்த்தது என்றால் கழற்றிவிட்டு நின்றிருப்பார் அல்லவா?

பழைய_ஆன்டெனா:
கை பட்டது. தோள் இல்லை.

ரீல்ஸ்_ராஜா:
தோள்.

கொட்டாம்பட்டியான்:
கையோ தோளோ, சாப்பிட்டுவிட்டு வந்து அடித்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஆன்டெனா:
நிர்வாகி ஐயா, பூட்டிவிடாதீர்கள். கால் வேகத்தில் பார்த்துவிட்டு இதோ வருகிறேன்.