மறு: ரெமிஷன் – 'குணமான நிலை' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். லூபஸ் என்பது உடலின் தடுப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நீண்டகால நோய். அதன் அறிகுறிகள் ஓய்ந்திருக்கும் நிலையான 'ரெமிஷன்'க்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> லூபசில் ரெமிஷனுக்கு 'குணமான நிலை' போதும். எல்லாருக்கும் புரியும்.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையில் இதே சொல்தான் இருந்தது. 'குணமாயிடுச்சே, அப்புறம் எதுக்கு' என்று ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற லூபஸ் மாத்திரை அட்டையைத் தூக்கி சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். வைகாசி 1, ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. விடிகாலையில் போனவள் உச்சி வெயில் வரை குடையில்லாமல் நின்றிருக்கிறாள். அடுத்த வாரம் விரல் மூட்டெல்லாம் வீங்கி, மோதிரத்தைச் சோப்பு நுரை போட்டுத்தான் கழற்றினோம். கன்னத்தில் பழைய சிவப்பும் திரும்பிவிட்டது.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் சிதையும்போது உள்ளிருக்கும் உட்கருப் பொருள் வெளியே வருகிறது. லூபஸ் உடலில் தடுப்பாற்றல் அதையே பகையென்று பிடித்துக்கொள்கிறது. எங்கள் வேலூர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்.

டோரிஸ் என்ற பன்னாட்டு வல்லுநர் குழு 2021இல் வெளியிட்ட வரையறையையும் பாருங்கள். நோயின் அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடலாம், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 5 மி.கி. வரை போகலாம், ரத்தத்தில் லூபசுக்கான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தென்பட்டாலும் கணக்கில்லை. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெமிஷன்தான். இதில் 'குணம்' எங்கே வந்தது?

'நோய் அடக்கம்' என்று சென்ற மடலில் ஒருவர். எங்கள் தெருவில் 'எப்ப அடக்கம்?' என்றால் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். 'அடங்கல்' என்றாலோ நிலக் கணக்கு கேட்டு விஏஓ அலுவலகத்துக்கு.

என் வாக்கு 'தணிவு'. காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது. இனி வரவே வராது என்று யாரும் நம்புவதில்லை. அம்மாவிடம் 'நோய் தணிவில் உள்ளது' என்று படித்துக் காட்டினேன். "தணிஞ்சிகீதுன்னா மாத்திரைய வுடக்கூடாதில்ல?" என்றார். எனக்கு அது போதும்.

தணிந்த நோய் மறுபடி தலைதூக்குவதைச் சொல்லும் 'ஃபிளேர்'தான் இடிக்கிறது. 'கிளர்ச்சி' ஆட்சியர் அலுவலக வாசலுக்கு. 'சீற்றம்' பாம்புக்கும் கடலுக்கும். தீ மூளும், சண்டை மூளும், தணிவுக்கு நல்ல ஜோடி என்று 'மூளல்' வைத்திருந்தேன். அக்கா கேட்டதும் பதறிவிட்டாள்: "மூளைக்கா பூடுச்சு?" லூபஸ் மூளையையும் தொடக்கூடிய நோய், அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. எனவே 'மூளல்' பரிந்துரையை நானே திரும்பப் பெறுகிறேன்.

மூட்டு வலி தொடங்கினால் அவள் சொல்வது 'கிளம்பிடுச்சு'. 'நோய்க் கிளம்பல்' என்று எழுதினால் இலக்கணக்காரர்கள் அடிக்க வருவீர்களா?