பழைய போர் விமானத்தில் விரிசல் கண்டுபிடிக்க எந்த சென்சார்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழைய போர் விமானங்களில் விரிசல் தேடுவதுதான் என் வேலையாக இருந்தது, பெரும்பாலும் எடி கரண்ட் கருவியோடு (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி விரிசலைக் காட்டும் கருவி). தேடுவதைவிட அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. பேனலைக் கழற்றி, சீலண்டைச் சுரண்டி, பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். கழற்றி மாட்டுவதிலேயே துளை ஓரம் கீறல் விழுவதும் உண்டு. அதனால் வெற்றிட சென்சார் எனக்கு உடனே பிடித்துப்போனது. நுண்ணிய வாய்க்கால்கள் ஓடும் மெல்லிய பட்டை அது. ஒன்றில் வெற்றிடம், அடுத்ததில் சாதாரணக் காற்று. அடியில் விரிசல் விட்டால் காற்று கசிந்து மீட்டரில் தெரிந்துவிடும். குழாய் முனை கைக்கு எட்டினால் போதும், பேனலைத் தொடவே வேண்டாம். ஆனால் ஒரு விரல் தள்ளி விரிசல் விட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

அண்ணே, கடைசியில் சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல். 2007 நவம்பரில் அமெரிக்காவின் மிசௌரியில் எஃப்-15சி போர் விமானம் ஒன்று பயிற்சியின்போது வானிலேயே இரண்டாக உடைந்தது. விமானி தப்பினார். காக்பிட் பக்கத்து லாஞ்சரான், அதாவது உடலின் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டம், வரைபடம் சொன்னதைவிட மெல்லியதாகச் செய்யப்பட்டிருந்தது. அங்கே சென்சார் ஒட்ட யாருக்குத் தோன்றும்? அதனால் நான் சுமையை அளக்கும் கட்சி. ஒரே அளவு மணி நேரம் பறந்த இரண்டு விமானங்களில் ஒன்று தாழப் பறந்து, வேகமாகத் திரும்பித் திரும்பி அடி வாங்கியிருக்கும். ஸ்ட்ரெயின் கேஜும் (உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்று அளக்கும் ஒட்டுப்பட்டை) ஜி பதிவும் (திரும்பும்போது விழும் முடுக்க விசையின் பதிவு) இருந்தால் எதை முதலில் பிரித்துப் பார்ப்பது என்றாவது தெரியும். படையிலிருந்து ஓய்வு பெற்றுத் தீயணைப்புக்குப் போன சி-130ஏ சரக்கு விமானம் ஒன்று 2002-ல் கலிஃபோர்னியாவில் இறக்கைகள் முறிந்து விழுந்தது. மூவர் இறந்தார்கள். நடு இறக்கையின் அடித்தகட்டில் சோர்வு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப விழுந்த சுமையால் வந்த விரிசல்.

நான் வயரிங் பிரிவு. விற்க வருகிறவர்கள் புது அலுமினியத் தகட்டில் விரிசலை வளர்த்துக் காட்டுவார்கள், அழகாக வேலை செய்யும். நம் விமானத்திலோ ஹைட்ராலிக் எண்ணெய், பெயின்ட் உரிக்கும் ரசாயனம், கடற்கரை உப்பு எல்லாம் உண்டு. நாங்கள் சோதனைக்கு ஒட்டிய கேஜ்களில் சில, அடுத்த பெரிய பராமரிப்பில் கழுவும்போதே பெயர்ந்து வந்தன. அப்புறம் விரிசலா, சென்சார் கோளாறா என்று பார்க்கப் பேனலையே திறந்தோம்! இந்த விஷயத்தில் வெற்றிட வகை பரவாயில்லை. குழாய் அடைத்திருந்தால் சோதிக்கும்போதே தெரிந்துவிடும். கடைசியில் கை எட்டாத, ஏற்கெனவே விரிசல் கண்ட இடங்களுக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்தோம். மற்ற இடங்களுக்கு எடி கரண்ட் ஆளே போகட்டும்.