வேலையிடத்துக்குச் சிறிய டிராக் சா: எந்த அளவு வாங்கலாம்?

கேள்வி: திருப்பூர் தச்சன்

வணக்கம். திருப்பூரில் அப்பாவோடு சேர்ந்து வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறேன். அலமாரி, சமையலறை கேபினெட், டிவி யூனிட், பழைய வீடுகளில் கதவு அறுத்துச் சரிசெய்வது என்று எல்லாம் கலந்து வரும். சொந்தப் பட்டறை கிடையாது. ப்ளைவுட் நேராக வாடிக்கையாளர் வீட்டில் வந்து இறங்கும். அங்கேயே வெட்டி அங்கேயே மாட்டுவோம்.

கையில் இருப்பவை மர பிளேடு மாட்டிய 4 அங்குல மார்பிள் கட்டர் ஒன்று, மேஜைப் பலகைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திய 7 அங்குல சர்க்குலர் சா ஒன்று. இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் இப்போது எடுத்திருக்கும் வேலை நாலாவது மாடியில். குடும்பம் உள்ளேயே வசிக்கிறது. எங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு படுக்கையறையும் பால்கனியும்தான். மேஜையைப் போட்டுவிட்டால் 8-க்கு 4 ஷீட்டைத் திருப்ப இடமில்லை. அலுமினியச் சட்டத்தை ஒட்டி மார்பிள் கட்டரை ஓட்டினால் ப்ரீ-லேமினேட் போர்டின் (மேல்தாள் ஒட்டியே வரும் பலகை) ஓரம் பிசிறு பிசிறாக வருகிறது. ஓரத்தை மறைக்கும் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டிய பிறகும் அந்த வெள்ளைப் பொக்கை தெரிகிறது. வீட்டம்மா விரலால் தடவிப் பார்த்து எதுவும் சொல்லாமல் போனார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டிராக் சா, அதாவது அலுமினிய ரெயில் மேல் ஓட்டும் சர்க்குலர் சா, வாங்க நினைக்கிறேன். 12 வோல்ட்டில் வரும் குட்டி சா, 18 வோல்ட் பேட்டரியில் 140 மி.மீ. பிளேடு வகை, வயரோடு வரும் 165 மி.மீ. வகை என்று மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். "கை சுத்தமாக இருந்தால் கட்டரே போதும்" என்பது அப்பாவின் கட்சி. வேலையிடத்தில் உண்மையாகவே பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: கோவை உள்வேலை

தம்பி, முதலில் 12 வோல்ட்டை ஒதுக்கிவிடுங்கள். கணக்கு எளிது. 85 மி.மீ. பிளேடு போட்ட அந்தக் குட்டி சாவின் வெட்டு ஆழம் 25, 26 மி.மீ. ரெயில் மேல் ஏற்றினால் அதில் 5 மி.மீ. போய்விடும். 18 மி.மீ. ப்ளைக்கு இரண்டு பக்கமும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினாலே 20 ஆகிவிடுகிறது. அடிப்பக்கம் பல் எட்டிப் பார்க்கத்தான் மிச்சம் இருக்கும். 30 மி.மீ. ஃபிளஷ் கதவுக்கு எட்டவே எட்டாது. நீங்களோ கதவு வேலையும் எடுக்கிறீர்கள். மைக்கா, 6 மி.மீ. பின்பலகை, 12 மி.மீ. டிராயர் பக்கம் இவற்றுக்கு மட்டும் என்றால் அது சுகமான கருவிதான். இரண்டாவது சாவாக வாங்குங்கள்.

மற்ற இரண்டில் ஆழத்தை வைத்து எதையும் கழிக்க முடியாது. வயர் வகையில் மகிடா எஸ்பி6000-ஐ எடுத்துக்கொண்டால் 1300 வாட், 56 மி.மீ. ஆழம், எடை நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போஷ் 18 வோல்ட்டில் 140 மி.மீ. பிளேடோடு 52 மி.மீ. ஆழம் தருகிறது. நாம் அறுப்பதில் தடிமனானது தேக்குக் கதவுதான். ரெயிலின் கனத்தைக் கழித்த பிறகும் 40 மி.மீ. கதவு இரண்டிலும் அடங்கும். ஆகவே வயரா பேட்டரியா என்பதை நீங்கள் வேலை செய்யும் வீடுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புதுக் கட்டடங்களில் தற்காலிக இணைப்பில் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் முனகுவதை நாள்தோறும் பார்க்கிறவனாகச் சொல்கிறேன், அங்கே பேட்டரிதான் நிம்மதி. குடும்பம் வசிக்கும் வீட்டில் வயரே போதும். எப்படியும் தூசி உறிஞ்சும் குழாயும் கூடவே வரப்போகிறது.

இனி, இந்தக் கருவி ஏன் பிடித்துப்போகிறது என்பதைச் சொல்கிறேன். வேகத்துக்காக என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

18 மி.மீ. ப்ளைவுட் முழு ஷீட் முப்பது முப்பத்தைந்து கிலோ இருக்கும், எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை) இன்னும் கனம். டேபிள் சாவில் அதைத் தள்ள முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, தாங்கிப்பிடிக்க ஓர் ஆள் வேண்டும். டிராக் சாவுக்கு ஷீட் கிடக்கும் இடமும், நீங்கள் குந்தி நகர ஓர் ஓரமும் போதும். தரையில் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் அட்டை (கெட்டியான நுரைப் பலகை) விரித்து, அதன்மேல் ஷீட்டைப் படுக்கவைத்து, ஷீட்டைத் தாண்டி 2, 3 மி.மீ. மட்டும் பல் இறங்கும்படி ஆழத்தைப் பூட்டுங்கள். (தெர்மாகோல் வேண்டாம். மணி மணியாக உதிர்ந்து அடுத்த வீட்டுக்காரர் காப்பியில் விழும்.) வெட்டிய இரண்டு துண்டுகளும் அட்டையின் மேலேயே கிடப்பதால் எதுவும் தொங்கி பிளேடைக் கவ்வாது. சா பின்னோக்கி உதைப்பதற்குப் பெரும்பாலும் அந்தக் கவ்வல்தான் காரணம்.

அடுத்தது சுவர். நம் ஊரில் தூக்குக்குண்டு விட்டால் நேராக நிற்கும் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? சாய்பாபா காலனியில் ஓர் அலமாரி. பக்கச் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே மேலே 22 மி.மீ. இடைவெளி, கீழே 31. அதை அடைக்கும் பட்டை ஒரு நுனி குறுகி ஒரு நுனி அகன்று வர வேண்டும். டேபிள் சாவில் இதற்குத் தனியாக ஒரு சாய்வுப் பலகை செய்து, அதைத் தள்ளி, சரிபார்த்து, மறுபடி தள்ள வேண்டும். டிராக் சாவில் முழுப் பலகையின் ஓரத்திலிருந்து மேலே 22-இல் ஒரு பென்சில் கீறல், கீழே 31-இல் ஒரு கீறல். ரெயிலின் ரப்பர் ஓரம் இரண்டு கீறலையும் தொட்டபடி படுக்கட்டும், ஒரே ஓட்டம். பட்டை சுவரில் போய் உட்கார்ந்தது, சிலிக்கான் தேவைப்படவில்லை. ஷீட்டின் ஓரம் நேரா கோணலா என்பதை ரெயில் பார்ப்பதில்லை. அதற்கு இரண்டு புள்ளி போதும். பட்டறை இல்லாத நமக்கு இதுதான் பெரிய வரம்.

உங்கள் பிசிறுக்கு வருகிறேன். கையில் பிடித்து ஓட்டும் மின் சாவில் பல் கீழிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வரும், அதனால் மேல்முகம்தான் பெயரும். ரெயிலின் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டை சரியாக வெட்டுக்கோட்டில் மைக்காவை அழுத்திப் பிடிக்கிறது. புது ரெயிலில் அந்தப் பட்டை சற்று நீண்டிருக்கும். முதல் ஓட்டத்தில் உங்கள் சாவே அதைத் தன் அளவுக்கு நறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த ரெயிலை வேறொரு சாவுக்கு இரவல் கொடுக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஓடினாலும் பட்டை வீண். ரெயில் இல்லாத பக்கத்துத் துண்டும் சுத்தமாக வேண்டுமென்றால் முதலில் 2 மி.மீ. ஆழத்தில் ஒரு கீறல் ஓட்டம், பிறகு முழு ஆழம். மகிடாவில் இதற்கென்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. பிளேடு 48 பல், கார்பைட். சாவோடு வரும் பிளேடில் பல் குறைவாக இருந்தால் அதை நம்பி ப்ரீ-லேமினேட்டில் இறங்க வேண்டாம்.

பதில்: மதுரை மரக்கடைத் தெரு

கோவை அண்ணன் சொன்னதில் தவறில்லை. ஆனால் தம்பி வாங்கிக் கைவைத்த பிறகு திகைக்கக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

50 மி.மீ. அகலப் பட்டைகளாக வேண்டுமென்றால் டிராக் சா தலைவலி. அவ்வளவு குறுகிய துண்டின் மேல் ரெயில் படுக்காது. பக்கத்தில் அதே கனத்தில் இன்னொரு பலகையை முட்டுக்கொடுத்தாக வேண்டும். ஒரே அளவில் முப்பது ஷெல்ஃப் என்றாலும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் அளந்து, குறித்து, ரெயிலை வைத்து ஓட்டுவதற்குள் டேபிள் சா வேலையை முடித்துவிட்டு டீக்குப் போயிருக்கும். கவிழ்த்த சாவை விற்றுவிட வேண்டாம்.

இன்னொன்று. இப்போது பல ப்ளைவுட் கடைகளில் பேனல் சாவும் (முழு ஷீட் வெட்டும் பெரிய இயந்திரம்) எட்ஜ் பேண்டிங் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். அளவுப் பட்டியலைக் கொடுத்தால் வெட்டி, ஓரம் ஒட்டி அனுப்புகிறார்கள். பெட்டிகளை அங்கே வெட்டி வாங்கிவிட்டால் வேலையிடத்தில் மிஞ்சுவது சுவரையொட்டிய பட்டை, கதவு, பிளக் பாயிண்டுக்கான திறப்பு மட்டும்தான். அதற்கு இவ்வளவு விலை கொடுத்து ஒரு சா வேண்டுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

பதில்: கோவை உள்வேலை

கடையில் வெட்டி வாங்குவது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் வெட்டித் தந்த பிறகு வீட்டம்மா "மைக்ரோவேவ் இங்கே வேண்டாம், அங்கே வையுங்கள்" என்பார். அப்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. குறுகிய பட்டை விஷயத்தில் மதுரைக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

அந்த 4 அங்குல கட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கல் வெட்டப் பிறந்தது, நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும். டிராக் சா அதிகபட்சம் 5,000 சொச்சம்தான். மர பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அடியில் மூடும் காப்பு இல்லாமல், ஒற்றைக் கையில் பிடித்து, தரையில் குந்தி அதை ஓட்டுகிறோம். கை சுத்தமாக இருந்தால் போதும் என்று அப்பா சொல்வது வெட்டுக்குப் பொருந்தும். விரலுக்குப் பொருந்தாது.

பதில்: நாலாம் மாடிக் குடித்தனம்

நான் தச்சு வேலை தெரிந்தவள் இல்லை. உள்ளே குடியிருந்துகொண்டே சமையலறை வேலை செய்யவைத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுக்கு ஓரப் பிசிறு பெரிய விஷயமாக இருக்கவில்லை. தூள்தான். மூடிய அறைக்குள் எம்டிஎஃப் வெட்டினார்கள். துணி அலமாரிக்குள், மாவு டப்பா மூடியின் மேல், குழந்தையின் தலையணையில் என்று அது போகாத இடமில்லை. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. இந்தப் பலகைகளை ஒட்டும் பசையில் வரும் ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சுவாசிப்பது நாங்கள் சில வாரம், நீங்கள் வாழ்நாள் முழுவதும்.

அடுத்து வந்த தச்சர் சாவின் பின்புறம் குழாய் மாட்டி வெட்டினார். சத்தம் குறையவில்லை, அசோசியேஷன் சண்டையும் குறையவில்லை. ஆனால் மாலையில் ஒரு முறை துடைத்தால் தரை தரையாக இருந்தது. அவர் கேட்ட கூலியில் நான் பேரம் பேசவில்லை. இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: திருப்பூர் தச்சன்

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கூலியில் பேரம் பேசவில்லை" என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 165 மி.மீ. வயர் வகைக்கு ஏறக்குறைய ஒத்துக்கொண்டுவிட்டார்.

கோவை அண்ணா, இன்னும் இரண்டு சந்தேகம். ரெயில் எவ்வளவு நீளம் வாங்குவது? எங்களிடம் இருப்பது இருசக்கர வண்டி. 3 மீட்டர் ரெயிலை நாலு மாடி எப்படி ஏற்றுவது? உறிஞ்சுவதற்கு வீட்டு வாக்குவம் கிளீனர் போதுமா?

பதில்: கோவை உள்வேலை

1.4 மீட்டர் ரெயில் இரண்டு, நடுவே இணைக்கும் கம்பிகளோடு. ஷீட்டின் 4 அடி அகலம் 1220 மி.மீ., அதற்கு ஒன்று போதும். 8 அடி நீளவாக்கில் 2440. இரண்டையும் சேர்த்தால் 2800, சா ஏறி நிற்கவும் இறங்கவும் இடம் மிஞ்சும். சேர்க்கும்போது இணைப்புத் திருகை முறுக்குவதற்கு முன் ஒரு நேரான அலுமினியக் கோலை ரெயிலின் பின் ஓரத்தில் அணைத்துப் பாருங்கள். இணைப்பில் துளி கோணல் இருந்தாலும் 8 அடி வெட்டில் நடுவே வில்லாக வளையும்; கேபினெட் மூடும்போதுதான் அது தெரியவரும்.

வாங்கும்முன் ரெயில் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மகிடாவும் ஃபெஸ்டூலும் ஒன்றின் ரெயிலில் மற்றொன்று ஓடும் வகை. போஷும் மாஃபெலும் வேறொரு வகை. டிவால்ட் தனி. சா பழுதாகி மாற்ற நேர்ந்தாலும் ரெயில் மிஞ்ச வேண்டும்.

வண்டிக்கு பிவிசி குழாய் யோசனை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ரெயிலின் அகலம் 18 செ.மீ.க்கு மேல், நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் குழாயில் நுழையாது. இரண்டு ரெயிலையும் ரப்பர் பக்கம் உள்ளே பார்த்தபடி சேர்த்து, வெளியே இருபுறமும் 6 மி.மீ. ப்ளை துண்டு கொடுத்து, தார்ப்பாய்த் துணியில் பை தைத்துத் தோளில் மாட்டுங்கள். மாடிப்படித் திருப்பத்தில் நுனி இடித்து வளைந்தால் ரெயிலின் கதை முடிந்தது. முடிந்தவரை ஷீட் வரும் வண்டியிலேயே ரெயிலையும் ஏற்றிவிடுங்கள்.

வீட்டு வாக்குவம் எம்டிஎஃப் மாவில் கொஞ்ச நேரத்திலேயே வடிகட்டி அடைத்து நின்றுவிடும். சாவுக்கும் வாக்குவத்துக்கும் நடுவே மூடி போட்ட பெயிண்ட் வாளியில் ஒரு சைக்ளோன் கூம்பு (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிப்பது) வைத்தால் பெரும்பகுதித் தூள் வாளியிலேயே விழும். கூம்பு தனியாகக் கிடைக்கிறது. வாளி உங்களிடமே இருக்கும், 20 லிட்டர் வாளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.