மறு: வன்வட்டை ‘வடிவமை’ என்பது சரிதானா?

எல்லோருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றும் நிறுவியின் தமிழ் மொழிபெயர்ப்பில், வன்வட்டை (ஹார்ட் டிஸ்க்) ‘ஃபார்மேட்’ செய்வதற்கு ‘வடிவமை’ என்று இருக்கிறது. அதற்குப் பதிலாகப் போன வாரம் நான் ‘துடைத்தமை’ என்ற சொல்லை முன்வைத்தபோது, இத்தனை வருடம் புழங்கிய ‘வடிவமை’யை இப்போது எதற்கு மாற்ற வேண்டும் என்று இருவர் கேட்டிருந்தீர்கள். காரணத்தை அப்போதே விரிவாக எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

என் பெரியப்பாவிடம் பன்னிரண்டு பதின்மூன்று வருடப் பழைய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்வட்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் கிடையாது, செயலியும் ரொம்பப் பழையது. ஆனால் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, தூக்கிப்போட மனசு வராது. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். பென்டிரைவில் நிறுவியை ஏற்றி அனுப்பினேன். அவரே நிறுவட்டும், நான் போனில் கூடவே இருக்கிறேன் என்று ஏற்பாடு. மொழிகளின் பட்டியலில் தமிழ் இருந்ததைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம், வேறு எதையும் யோசிக்காமல் அதையே தேர்ந்தெடுத்துவிட்டார்.

வட்டைப் பிரிக்கும் திரை வந்தது. விண்டோஸில் டி டிரைவாக இருந்த இரண்டாவது பிரிவில்தான் அவருடைய படங்கள் எல்லாம் இருந்தன. “அதை அழிச்சிடாதீங்க பெரியப்பா” என்று இரண்டு தடவை சொன்னேன். அவரும் ‘அழி’ என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டாவதை வடிவமைக்கவான்னு கேட்டுதுப்பா, சரின்னு குடுத்துட்டேன்” என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

நகலெடுத்து வைக்காமல் ஆரம்பித்தது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் திரையில் இருந்ததைச் சரியாகத்தான் படித்தார். வீட்டை வடிவமைப்பது, அட்டையை வடிவமைப்பது என்று நாம் நாள் முழுக்கச் சொல்கிற சொல் அது. இருப்பதை ஒழுங்காக்குவது, இல்லாததை உருவாக்குவது, இந்த இரண்டு பொருளும்தான் அதில் உண்டு. இருப்பது போய்விடும் என்ற சாயல் எந்த மூலையிலும் இல்லை.

அப்புறம் வன்வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு இரண்டு ராத்திரி தேடினேன். படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. பெயர்கள் கிடைக்கவில்லை. அந்த மென்பொருள் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துத்தான் அது படமா ஆவணமா என்று கண்டுபிடிக்கிறது, பெயரும் அடைவும் (ஃபோல்டரும்) அதற்குத் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் யார் யார் நிற்கிறார்கள், எந்த வருடம் என்று பெரியப்பா தமிழில் பெயர் வைத்திருந்தார். இப்போது எல்லாம் எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீளமான எண்ணுமாக ஒரே அடைவில் கிடக்கின்றன. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மறுபடி பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ஆங்கிலத்திலும் அது ‘வடிவம்’ என்ற வேரிலிருந்துதானே வருகிறது, நாம் அதைப் பின்பற்றுவதில் என்ன தவறு?

ஃபார்மேட் என்பது முதலில் அச்சுத் தொழிலின் சொல், புத்தகத்தின் அளவையும் தோற்றத்தையும் குறித்தது. ஆவணத்தில் எழுத்தைத் தடிமனாக்குவதற்கும் சாய்ப்பதற்கும் அது பொருந்துகிறது, அங்கே ‘வடிவமை’ இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. நெகிழ்வட்டுக் (ஃபிளாப்பி) காலத்தில் வட்டுக்கும் ஓரளவு பொருந்தியது. 3.5 அங்குல வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 துண்டுகள், துண்டுக்கு 512 பைட்டு என்று காந்தப் பரப்பின் மேல் உண்மையாகவே கட்டம் போட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட்டு வரும், 1.44 எம்பி என்று நாம் சொன்னது அதைத்தான். இன்றைய வன்வட்டில் அந்தக் கட்டமெல்லாம் தொழிற்சாலையிலேயே போடப்பட்டுவிடுகிறது. நிறுவி செய்வது பழைய கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை, கைவிட்டு அந்த இடத்தில் புதிய, வெறுமையான கோப்பு முறைமையை எழுதுவது மட்டும்தான். யூனிக்ஸ்காரர்கள் இதற்கு ஃபார்மேட் என்ற பெயரே வைக்கவில்லை. எம்கேஎஃப்எஸ் என்றார்கள், கோப்பு முறைமையை உருவாக்கு என்று அர்த்தம். ஆங்கிலம் இரண்டு வேலைக்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டது அதன் வரலாறு, அந்தச் சுமையை நாமும் தூக்க வேண்டியதில்லை.

> அப்படியானால் நேராக ‘அழி’ என்றே சொல்லிவிடலாமே.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கோப்பை அழிப்பதற்கு ‘அழி’ ஏற்கனவே இருக்கிறது, பிரிவையே நீக்குவதற்கும் சில நிறுவிகள் அதையே போடுகின்றன, மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் குழப்பம் கூடும். இன்னொன்று, அழி என்றால் முழுக்க அழிந்துவிட்டது என்று நம்பி, பழைய வட்டை யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். விரைவு முறையில் செய்தால் தரவில் பெரும்பகுதி சுழலும் வட்டில் அப்படியே கிடக்கும், அதனால்தான் பெரியப்பாவின் படங்கள் கிடைத்தன. விண்டோஸில்கூட விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மேட் வட்டு நெடுகச் சுழியத்தை எழுதுகிறது, அதற்கு முன்பு கெட்டுப்போன துண்டுகளைத் தேடிப் பார்த்ததோடு சரி. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் கதை வேறு. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை உருவாக்கும் கட்டளை, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று வட்டுக்கே சொல்லிவிடும், அதன் பிறகு மீட்பது அநேகமாக நடக்காது.

இதையெல்லாம் யோசித்துத்தான் ‘துடை’ என்ற வேருக்கு வந்தேன். சிலேட்டில் எழுதியதைக் கையால் துடைத்தால் புதிதாக எழுதலாம், ஆனால் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பழைய எழுத்தின் தடம் மங்கலாகத் தெரியும். தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் அதுவும் போகும். விரைவு ஃபார்மேட் என்பது துடைப்பது, சுழியம் எழுதுவது கழுவுவது. இவ்வளவு கச்சிதமாக வேறு எந்த வேரும் எனக்குக் கிடைக்கவில்லை.

‘துடைத்தமை’ கூடாது என்று இலக்கணம் காட்டி ஒருவர் எழுதியிருந்தார், அவர் சொல்வது முற்றிலும் சரி. ‘வந்தமைக்கு நன்றி’ என்பதில் வருகிற ‘வந்தமை’ போலத்தான் யாரும் அதைப் படிப்பார்கள். பொத்தானில் ‘துடைத்தமை’ என்று பார்த்தால், ஏற்கனவே துடைத்தாகிவிட்டது என்ற செய்தியாகத் தோன்றும். நான் ‘துடைத்து அமை’ என்று மனசுக்குள் பிரித்தே வாசித்துக்கொண்டிருந்ததால் அது கண்ணில் படவே இல்லை. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘அழித்தமை’யை முன்வைத்தவருக்கும் இதே பிரச்சினைதான்.

இப்போது என் முன்மொழிவு துடைத்தாக்கு. துடைத்து ஆக்கு. பழையது போகிறது, புதியது வருகிறது, இரண்டும் நடக்கிற வரிசையிலேயே சொல்லில் நிற்கின்றன. பெயர்ச்சொல் ‘துடைத்தாக்கம்’, உருவாக்கம், மீளாக்கம் போல. ‘துடைத்தாக்கவா?’, ‘துடைத்தாக்கப்படும்’, ‘துடைத்தாக்கப்படாத வட்டு’ என்று எல்லா வடிவத்திலும் வாய்க்கு இடறாமல் வருகிறது, சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘வடிவமை’யைவிட இரண்டு எழுத்துதான் கூட, பொத்தானில் அடங்கும். வட்டு முழுக்கச் சுழியம் எழுதுவதற்கு ‘கழுவியழி’ என்று வைக்கலாம், அதைத் தனியாகப் பேசுவோம்.

> மக்கள் எல்லாரும் ‘ஃபார்மேட் பண்ணு’ என்றுதானே சொல்கிறார்கள், அதையே போட்டால் என்ன?

இதற்கு எனக்கு முழு மறுப்பு இல்லை. பேச்சுத் தமிழில் ‘ஃபார்மேட் பண்ணிட்டேன்’ என்றால் எல்லாம் போய்விட்டது என்றுதான் பொருள், வடிவமைத்தேன் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. பேசுகிறவர்கள் சரியான பொருளோடு எடுத்துக்கொண்ட சொல்லை, மொழிபெயர்த்த நாம்தான் தவறான பொருளுக்குத் தள்ளிவிட்டோம். ‘துடைத்தாக்கு’ யாருக்கும் பிடிக்கவில்லை என்றால், ‘ஃபார்மேட்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவோம். வட்டுக்கு மட்டும் ‘வடிவமை’ வேண்டவே வேண்டாம்.

இடையில் ஒன்று. பார்ட்டிஷனுக்குச் சில மொழிபெயர்ப்புகளில் ‘பகிர்வு’ என்று இருக்கிறது, பகிர் என்றால் இன்று எல்லோருக்கும் ஷேர்தான். இந்த மடலில் நான் ‘பிரிவு’ என்று எழுதியிருக்கிறேன், ‘பாகம்’ அதைவிட நன்றாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது, சொத்தைப் பிரிப்பதற்கே பாகப்பிரிவினை என்றுதானே சொல்கிறோம். அதை வேறு இழையில் எடுத்துக்கொள்வோம், இதோடு கலக்க வேண்டாம்.

எந்தச் சொல்லை எடுத்தாலும், கேள்வி கேட்கிற திரையில் சொல்லை மட்டும் தனியாக நிற்க விடக்கூடாது என்பது என் வேண்டுகோள். ‘இரண்டாவது பிரிவைத் துடைத்தாக்கவா? இதில் இப்போது உள்ள கோப்புகள் எல்லாம் போய்விடும்.’ இப்படி இரண்டு வரி. நேற்று பெரியப்பாவுக்குப் போனில் இதைப் படித்துக் காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “வேண்டாம்னு குடுத்துட்டு உன்னைக் கூப்பிட்டிருப்பேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு சேர்த்து ஒரு முழு வாக்கியத்தில் அதை வைத்தும் காட்டுங்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால் திங்கட்கிழமை நிறுவியின் சரங்களில் (திரையில் வரும் வாசகங்களில்) வட்டோடு சேர்ந்து ‘வடிவமை’ வரும் இடங்களை மட்டும் பிரித்தெடுத்து இங்கே அனுப்புகிறேன், ஆளுக்குக் கொஞ்சமாகத் திருத்திவிடலாம்.